வெள்ளிக் கோளில் கண்டங்கள் உண்டா?

"பூமியைப் போல வெள்ளியின் தரையிலும் கண்டங்களும் மலைத்தொடர்களும் உண்டா?" என்று கேட்டிருக்கிறீர்கள். பரந்த மேட்டுநிலங்கள் உண்டு, பூமியின் மலைகளுக்கு ஈடான மலைகளும் உண்டு. ஆனால் அந்த மேட்டுநிலங்களைக் கண்டங்கள் என்று அழைக்க நான் தயங்குவேன். நிலவியல் படித்த நாள்தொட்டு மெகல்லன் விண்கலத்தின் ரேடார் படங்களை ஈடுபாட்டோடு பார்த்து வருபவன் என்ற முறையில், அந்தத் தயக்கத்துக்கான காரணத்தை எழுதுகிறேன்.

முதலில், அந்தப் படங்களைப் பார்க்கும் முறை பற்றிச் சில சொற்கள். கந்தக அமில மேகங்கள் வெள்ளியை முழுவதுமாக மூடியிருப்பதால், 1990 முதல் 1994 வரை அதைச் சுற்றி வந்த மெகல்லன், ரேடார் அலைகளை அனுப்பித் தரையின் 98 விழுக்காட்டைப் படமாக்கியது. அப்படங்களில் வெண்மையாகத் தெரிவன பெரும்பாலும் கரடுமுரடான இடங்கள். கருமையாகத் தெரிவன வழவழப்பான இடங்கள். செம்மஞ்சள் நிறமோ, சோவியத் வெனேரா கலங்கள் தரையிலிருந்து எடுத்த படங்களை ஒட்டிப் பின்னர் சேர்க்கப்பட்டது. இதை அறியாமல் பார்ப்பவர்களுக்குக் கோள் முழுவதும் தீக்குழம்பு ஓடுவதாகத் தோன்றிவிடுகிறது. தரையின் வெப்பம் ஏறத்தாழ 460 பாகை செல்சியஸ். ஈயம் உருகும், பாறை உருகாது. 1982-இல் இறங்கி 127 நிமிடங்கள் தாக்குப்பிடித்த வெனேரா 13 காட்டியதும், பலகை பலகையாகப் பரந்து கிடந்த, எரிமலைக்குழம்பு இறுகி உருவாகும் பசால்ட்டை ஒத்த திடப்பாறையைத்தான்.

பூமியின் தரை உயரங்களை அளந்து கணக்கிட்டால் இரண்டு அளவுகள் தனித்து எழும்: ஒன்று கண்டங்களின் உயரம், மற்றொன்று கடல்தளத்தின் ஆழம். கண்டங்கள் இலேசான கிரானைட் வகைப் பாறையாலும், கடல்தளம் அடர்த்தி மிகுந்த பசால்ட்டாலும் ஆனதே அதற்குக் காரணம். வெள்ளியில் இப்படிக் கணக்கிட்டால் ஒரே ஓர் அளவுதான் எழுகிறது. தரையின் பெரும்பகுதி சராசரி மட்டத்திலிருந்து ஒரு கி.மீ. ஏற்ற இறக்கத்துக்குள் அடங்கிவிடுகிறது. என் தயக்கத்துக்கு முதன்மையான காரணம் இதுவே.

மேட்டுநிலங்களுள் இரண்டு பெரியவை. வடக்கே, ஆஸ்திரேலியாவின் பரப்போடு ஒப்பிடத்தக்க இஷ்தார் டெர்ரா. நிலநடுக்கோட்டை ஒட்டி, அதனினும் பெரிய அஃப்ரோடைட் டெர்ரா. இஷ்தாரின் மேற்குப் பகுதியில் உள்ள உயர்ந்த சமவெளிக்கு நம் திருமகளின் பெயரால் லட்சுமி பிளானம் என்று பெயர். வெள்ளியின் நிலவடிவங்களுக்குப் பெண் தெய்வங்களின் பெயரையும், பெரிய விண்கல் பள்ளங்களுக்குப் புகழ்பெற்ற பெண்களின் பெயரையும் இடுவது மரபு. மருத்துவர் ஆனந்தி ஜோஷியின் பெயரிலும் ஒரு பள்ளம் உண்டு. லட்சுமி சமவெளியின் கிழக்கே, சராசரி மட்டத்திலிருந்து ஏறத்தாழ 11 கி.மீ. உயர்ந்து நிற்கும் மேக்ஸ்வெல் மலைத்தொடர் இம்மரபுக்கு விலக்காக இயற்பியலாளர் ஒருவரின் பெயரைத் தாங்குகிறது. மின்காந்த அலைகளின் கோட்பாட்டைத் தந்தவரின் பெயர், அந்த அலைகளைக் கொண்டே கண்டறியப்பட்ட மலைக்கு அமைந்தது பொருத்தமே.

இமயம் எழுந்தது இரு கண்டத்தட்டுகள் மோதியதால். மேக்ஸ்வெல் மலைகளிலும் தரை நெருக்குண்டு மடிந்த தடம் தெளிவாகத் தெரிகிறது. ஆனால் பூமியில் உள்ளது போல உலகைச் சுற்றித் தொடரும் தட்டு எல்லைகளோ, நடுக்கடல் முகடுகளோ வெள்ளியில் காணப்படவில்லை. பூமியில் பாறையை இளக்கி, ஒரு தட்டு மற்றொன்றின் கீழ் அமிழ்வதற்கு உதவுவது நீர். வெள்ளி வறண்டுபோன கோள் என்பதால் அதன் மேலோடு துண்டுகளாகப் பிரிந்து நகரவில்லை என்ற விளக்கத்தையே நான் ஏற்கிறேன்.

அப்படியானால் உள்வெப்பம் எவ்வழியே வெளியேறுகிறது? எரிமலைகள் வழியாகத்தான். தரையில் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்கு எரிமலைக்குழம்பு பரவி இறுகிய சமவெளி. குழம்பு ஓடிய பால்டிஸ் என்னும் தடம் சுமார் 6,800 கி.மீ. நீளமுள்ளது, சூரியக் குடும்பத்தில் அறியப்பட்ட தடங்களுள் இதைவிட நீண்டது இல்லை. பிசுபிசுப்பான குழம்பு மெல்ல வெளிவந்து, கல்லில் ஊற்றிய ஊத்தப்பம் போல வட்டமாகப் பரவிய குன்றுகளும் உண்டு. இவை எல்லாவற்றையும்விட என்னை ஈர்ப்பவை கொரோனா எனப்படும் வளைய அமைப்புகள். ஆழத்திலிருந்து எழும் சூடான பாறை மேலோட்டை உப்பச்செய்து, பின்னர் நடுப்பகுதி தளர்ந்து அமிழ, சுற்றிலும் வெடிப்புகள் வளையம் வளையமாக எஞ்சுகின்றன. அவற்றுள் மிகப்பெரிய ஆர்ட்டெமிஸின் குறுக்களவு சுமார் 2,600 கி.மீ.

விண்கல் பள்ளங்கள் ஏறத்தாழ ஆயிரம் மட்டுமே. அடர்ந்த வளிமண்டலம் சிறிய கற்களை வழியிலேயே சிதைத்துவிடுவதால் சிறு பள்ளங்கள் இல்லை. பெரியவையும் குறைவு என்பதால், 450 கோடி ஆண்டு வயதுள்ள கோளின் இன்றைய தரைக்குச் சில பத்துக் கோடி ஆண்டுகள்தாம் ஆகியிருக்க வேண்டும். பழைய தரை ஒரே ஊழியில் மூடப்பட்டதா, சிறுகச்சிறுக மூடப்பட்டதா என்ற விவாதம் இன்னும் ஓயவில்லை. 1991-இல் எட்டு மாத இடைவெளியில் மெகல்லன் எடுத்த படங்களை ஒப்பிட்டு, மாட் மோன்ஸ் என்னும் எரிமலைப் பகுதியில் எரிமலை வாய் ஒன்று வடிவம் மாறி விரிந்திருப்பதை 2023-இல் ஆய்வாளர்கள் வெளியிட்டனர். மூடும் வேலை இன்றும் நடப்பதாகவே நான் அதைப் படிக்கிறேன்.

என் தயக்கத்தை மாற்றக்கூடியது ஒன்று உண்டு. சமவெளிகளுக்கு இடையே, குறுக்கும் நெடுக்குமாக மடிப்புகளும் பிளவுகளும் ஓடும் டெசெரா என்னும் மேடுகள் தலைநீட்டி நிற்கின்றன. சுற்றியுள்ள குழம்பு அவற்றின் ஓரங்களில் வந்து முட்டியிருப்பதால் அவையே அங்குள்ள மூத்த நிலம். அவை பசால்ட்டா, கிரானைட்டை ஒத்த பாறையா என்பதை இதுவரை எந்தக் கலமும் இறங்கிச் சோதிக்கவில்லை. பெருமளவு கிரானைட் உருவாக நீர் தேவை. ஆல்ஃபா ரீஜியோ என்னும் டெசெரா மேட்டின் மீது இறங்கவிருக்கும் நாசாவின் டாவின்ச்சி ஆய்வுக்கலம் அங்கே கிரானைட்டின் அடையாளத்தைக் கண்டால், உங்கள் கேள்விக்கான பதிலை நான் திருத்தி எழுதுவேன்.