பழைய டிவி தொடர் நடிகர்களுக்கு, அவங்க மூஞ்சி போட்ட டீ-ஷர்ட், பொம்மை எல்லாம் வித்தா ராயல்டி வருமா? கேஸ் போட்டவங்க யாராவது ஜெயிச்சிருக்காங்களா?

வரும்னு பேப்பர்ல எழுதியிருக்கும். கைக்கு வந்து சேருதாங்கறது வேற கதை.

நான் சென்னையில ஒரு ஆபீஸ்ல நாலு வருஷம் வெளிநாட்டு கம்பெனிங்களுக்கு ராயல்டி ஸ்டேட்மென்ட் போட்டுக் குடுக்கற வேலை பாத்தவன். நடிகர் யாரையும் நேர்ல பாத்ததில்ல, எக்செல்ல ஒரு வரியா தான் அவங்கள தெரியும். அதனால இதுல எனக்கு தெரிஞ்சது கணக்கு பக்கம் மட்டும் தான், சட்டம் படிச்சவங்க யாராவது இருந்தா கீழ திருத்துங்க.

இந்த விஷயத்துல படிக்க வேண்டிய கேஸ்னா ஹாப்பி டேஸ் கேஸ் தான். 1974ல இருந்து 1984 வரைக்கும் அமெரிக்காவுல ஏபிசி சேனல்ல ஓடுன காமெடி தொடர் அது, 1950கள்ல மில்வாக்கி ஊர்ல இருக்கற ஒரு சாதாரண குடும்பம், அந்த வீட்டுப் பையனோட கூட்டாளிங்க, அவ்ளோதான் கதை. ஃபான்ஸின்னு லெதர் ஜாக்கெட் போட்டுக்கிட்டு வர்ற ஹென்றி விங்க்லர அந்த நாடே தலையில தூக்கி வச்சு ஆடுச்சு, அந்த ஜாக்கெட்ட ஸ்மித்சோனியன் மியூசியமே வச்சிருக்குன்னா பாத்துக்கோங்க. இப்படி ஒரு தொடர் ஓடுனா என்னென்ன விப்பாங்க? டிபன் டப்பா, பொம்மை, டீ-ஷர்ட், காமிக்ஸ், வாழ்த்து அட்டை, பொம்மை கார், அப்பறம் டிவிடி. இதெல்லாம் கேஸ்ல பட்டியலாவே இருக்கு.

2011 ஏப்ரல்ல அஞ்சு பேர் தரப்புல லாஸ் ஏஞ்சலஸ் கோர்ட்ல சிபிஎஸ்ங்கற டிவி கம்பெனி மேலயும் பாராமவுன்ட் ஸ்டுடியோ மேலயும் கேஸ் போட்டாங்க. அம்மாவா நடிச்ச மரியன் ராஸ், பொண்ணு ஜோனியா வந்த எரின் மோரன், கூட்டாளி பசங்க ஆன்சன் வில்லியம்ஸும் டான் மோஸ்டும், அப்பாவா நடிச்ச டாம் பாஸ்லியோட குடும்பம் (அவர் அதுக்கு முந்தின வருஷம் தான் தவறிட்டார்). கேட்டது 1 கோடி டாலர். பெரிய ஸ்டாருங்களான விங்க்லரும், அந்த வீட்டுப் பையனா நடிச்ச ரான் ஹாவர்டும் இந்த கேஸ்ல இல்ல.

கேஸ் எப்படி கெளம்புச்சுன்னு கேட்டா சிரிப்பும் வரும் எரிச்சலும் வரும். மரியன் ராஸுக்கு அப்போ 82 வயசு. தெரிஞ்சவங்க ஒருத்தர் அவங்ககிட்ட, உங்களுக்கு இப்போ பணம் கொட்டுமேன்னு சொல்லியிருக்கார். இவங்களுக்கு ஒன்னும் புரியல. விசாரிச்சா, கேசினோவுல ஹாப்பி டேஸ் பேர்ல ஸ்லாட் மிஷின் ஓடிக்கிட்டிருக்கு, அதுல அஞ்சு மரியன் மூஞ்சி வரிசையா விழுந்தா ஜாக்பாட்! யாரோ ஒருத்தர் காச போட்டு இந்தம்மா மூஞ்சி வரணும்னு வேண்டிக்கிட்டு கைப்பிடிய இழுக்கறாங்க, அந்தம்மாவுக்கு அப்படி ஒரு மிஷின் இருக்கறதே தெரியாது.

சரி, ஒப்பந்தத்துல என்ன இருந்துச்சு? செய்தியில வந்தபடி, அவங்க படம் மட்டும் தனியா இருக்கற பொருளுக்கு நிகர வருமானத்துல 5 சதவீதம், மத்தவங்களோட சேந்து இருந்தா 2.5 சதவீதம். கேக்க நல்லா தான் இருக்கு. ஆனா அந்த "நிகர"ங்கற வார்த்தையில தான் மொத்த வெவகாரமும் உக்காந்திருக்கு. வர்ற பணத்துல முதல்ல 50 சதவீதத்த ஸ்டுடியோ கையாளற கட்டணம்னு எடுத்துக்கலாம், மிச்சத்துல தான் இவங்க பங்கு.

ஒரு கணக்கு போட்டு காட்றேன், நம்பர் எல்லாம் என்னோட உத்தேசம் தான், வேலை செய்யற விதம் மட்டும் பாருங்க. கடையில 20 டாலருக்கு விக்கற டீ-ஷர்ட். கடைக்காரர் அத 10 டாலருக்கு வாங்கியிருப்பார். டீ-ஷர்ட் கம்பெனி அந்த 10ல 10 சதவீதம், அதாவது 1 டாலர், லைசென்ஸ் காசா ஸ்டுடியோவுக்கு கட்டும். அதுல பாதி ஸ்டுடியோ கட்டணம், மிச்சம் 50 சென்ட். அதுல செலவு அது இதுன்னு ஒரு 10 சென்ட் போச்சுன்னா 40 சென்ட். குரூப் போட்டோ போட்ட சட்டைன்னா அந்த 40ல 2.5 சதவீதம். எவ்ளோ? 1 சென்ட். அதாவது 20 டாலர் சட்டைக்கு அந்தம்மாவுக்கு 1 சென்ட்! இத நான் புதுசா வேலைக்கு சேந்தப்போ தப்பா போட்டுட்டேன்னு நெனச்சு மூணு தடவ போட்டு பாத்திருக்கேன், கடைசில பக்கத்து சீட்டு அண்ணன் தான் "தம்பி, கணக்கு சரியா தான் இருக்கு, ஒப்பந்தம் தான் அப்படி"ன்னார்.

ஆனா ஹாப்பி டேஸ் ஆளுங்க சண்டை சதவீதம் கம்மின்னு இல்ல. அந்த 1 சென்டையும் குடுக்கல, கணக்கும் காட்டலைங்கறது தான் அவங்க புகாரே. இங்க தான் எங்க அப்பத்தா ஞாபகம் வரும். எங்க வயல வாரத்துக்கு விட்டிருந்தாங்க, பாதிக்கு பாதின்னு பேச்சு. தாத்தா இருந்தவரைக்கும் வீட்டுக்கு என்ன மூட்டை வருதோ அத எறக்கி வச்சுக்குவார். அவர் போனப்புறம் அப்பத்தா அறுப்பு அன்னிக்கு விடியக்காலையில களத்துமேட்டுக்கு போய் குடை பிடிச்சு உக்காந்துக்கும், நெல்ல அளந்து முடிக்கறவரைக்கும் எந்திரிக்காது. ஒரு வார்த்தை பேசாது. அந்த வருஷம் எங்களுக்கு ஆறு மூட்டை கூட வந்துச்சு, மழை ஒன்னும் கூட பெய்யல. ராயல்டியும் வாரம் மாதிரி தான், அளக்கறவன் கையில தான் மரக்கா இருக்கு, நடிகர்களுக்கு களத்துமேட்டுக்கு போற வழியே தெரியாது.

இதுல ஸ்டுடியோ எல்லாமே திட்டம் போட்டு திருடுறாங்கன்னு நான் சொல்ல மாட்டேன், உள்ள இருந்து பாத்ததால சொல்றேன், பாதி எடத்துல சோம்பேறித்தனம் தான். ஹாப்பி டேஸ எடுத்தது பாராமவுன்ட், அப்பறம் கம்பெனி கை மாறி, பிரிஞ்சு, 2006 வாக்குல பாராமவுன்ட்டோட பழைய டிவி தொடர் எல்லாம் சிபிஎஸ் பக்கம் போச்சு. இப்படி மாறும்போது முப்பது வருஷத்துக்கு முந்தின ஒப்பந்தம் ஏதோ ஒரு குடோன்ல அட்டப்பெட்டியில கெடக்கும், புது சாஃப்ட்வேர்ல பேரே ஏறியிருக்காது. பேர் ஏறலைன்னா ஸ்டேட்மென்ட் போகாது. யாரும் கேக்கலைன்னா யாரும் தேடவும் மாட்டாங்க. எங்களுக்கு ஸ்டேட்மென்ட் இத்தன தேதிக்குள்ள போகணும்னு டார்கெட் இருந்துச்சு, விட்டுப்போனவங்கள கண்டுபிடிங்கன்னு ஒரு டார்கெட் கெடையாது. (சிபிஎஸ்ஸே கேஸ் வந்தப்போ பணம் தரவேண்டியிருக்குன்னு ஒத்துக்கிச்சு, எவ்ளோங்கறதுல தான் சண்டை. அவங்க கணக்குல ஆளுக்கு 8,500ல இருந்து 9,000 டாலர் வரைக்கும் தான் பாக்கி, அதுவும் பெரும்பாலும் ஸ்லாட் மிஷின் காசு.)

முடிவு என்னாச்சுன்னா, 2011 அக்டோபர்ல மோசடிங்கற குற்றச்சாட்ட கோர்ட் ஏத்துக்கல, அது போனதும் தண்டனையா கெடைக்கற பெரிய தொகைக்கான வழி அடைச்சுப் போச்சு, மிச்சம் வெறும் ஒப்பந்த மீறல் தான். கலிஃபோர்னியாவுல எழுத்து ஒப்பந்தத்த மீறுனா பொதுவா 4 வருஷத்துக்குள்ள கேஸ் போடணும், அதனால எழுபதுகள்ல வித்த டிபன் டப்பாவுக்கெல்லாம் இப்போ போய் காசு கேக்கறது ரொம்ப கஷ்டம். 2012 ஜூலையில, விசாரணை ஆரம்பிக்கற சமயத்துல சமரசம். ஆளுக்கு சுமார் 65,000 டாலர், இனிமே ஒப்பந்தப்படி ஒழுங்கா குடுப்போம்னு ஒரு உறுதி. 1 கோடி கேட்டு மொத்தமா 3.25 லட்சம். இது ஜெயிச்சதா தோத்ததான்னு கேட்டா, 9,000ன்னு சொன்னவங்க 65,000 குடுத்தாங்கல்ல, அதனால நான் ஜெயிச்சதுன்னு தான் சொல்வேன். வக்கீல் பீஸ் போக எவ்ளோ நின்னுச்சோ அது அவங்களுக்கு தான் வெளிச்சம்.

இங்க நெறைய பேர் ஒரு விஷயத்த போட்டு கொழப்பிக்கறாங்க. தொடர மறுபடி ஒளிபரப்பும்போது வர்ற காசு வேற, அதுக்கு பேர் ரெசிடுவல், அது நடிகர் சங்கம் போராடி வாங்குன ஒப்பந்தத்துல வர்றது. 1974க்கு முன்னாடி எடுத்த தொடர்னா முதல் சில மறுஒளிபரப்புக்கு மட்டும் தான் காசு, அதுக்கப்பறம் எத்தன நூறு தடவ போட்டாலும் கெடையாது. பொம்மை, சட்டை வெவகாரத்துல சங்கத்தோட பிடி அவ்ளோ கெடையாது, அது அவங்கவங்க தனியா போட்ட ஒப்பந்தம். சான்ஸ் கெடச்சா போதும்னு 22 வயசுல கையெழுத்து போட்டவன் பொம்மை பத்தின பாராவ எங்க படிச்சிருக்கப் போறான்.

மத்த வழியில முயற்சி பண்ணவங்களும் இருக்காங்க. தி டியூக்ஸ் ஆஃப் ஹஸார்டுன்னு கார் பறக்கற தொடர் ஒன்னு, அதுல ரெண்டு ஹீரோ ஜான் ஷ்னைடரும் டாம் வோபட்டும் 1982ல தொடர் நடந்துக்கிட்டிருக்கும்போதே பொம்மை, பொருள் விக்கற காசுல எங்க பங்கு எங்கன்னு கேட்டு வெளிய போய்ட்டாங்க. கம்பெனி அசரல, அதே மாதிரி ரெண்டு பேர ஒன்னுவிட்ட சொந்தம்னு கொண்டாந்து எறக்கிட்டாங்க. ஜனங்க ஏத்துக்கல, ரேட்டிங் விழுந்துச்சு, 1983ல பழைய ஹீரோங்க திரும்பி வந்துட்டாங்க. மாமனார் வீட்ல கோச்சுக்கிட்டு கெளம்புன மாப்பிள்ளை கணக்கா, இல்லாம முடியாதுன்னா தான் அந்த கோவம் செல்லும்.

லியனார்ட் நிமாய் (ஸ்டார் ட்ரெக்ல கூர் காது ஸ்பாக்) இன்னும் சாமர்த்தியம். லண்டன்ல ஒரு பீர் விளம்பரத்துல ஸ்பாக் காது தொங்கிப் போய் பீர் குடிச்சதும் நிமிர்ற மாதிரி பெரிய போர்டு வச்சிருந்தாங்க, அவருக்கு அதுல காசும் வரல. பாராமவுன்ட் மேல கேஸ் போட்டார். அப்போ பாத்து அவங்களுக்கு 1979ல வெளியான ஸ்டார் ட்ரெக் படத்துக்கு ஸ்பாக் வேணும். காது அவர்கிட்ட தானே இருக்கு! கேஸ தீத்துட்டு தான் நடிக்க ஒத்துக்கிட்டார்.

சியர்ஸ் தொடர்ல பார்ல உக்காந்து பீர் குடிக்கற ரெண்டு பேரா வந்த ஜார்ஜ் வென்டும் ஜான் ராட்சன்பெர்கரும் போட்டது வேற மாதிரி கேஸ். ஏர்போர்ட் பார்கள்ல அவங்க சாயல்ல ரெண்டு ரோபோ பொம்மைய உக்கார வச்சிருந்தாங்க, பேர் மட்டும் பாப், ஹாங்க்னு மாத்திட்டாங்க. கேரக்டர் எங்களோடது, லைசென்ஸ் குடுத்திருக்கோம்னு பாராமவுன்ட் சொல்லுது, மூஞ்சி எங்களோடதுன்னு நடிகருங்க சொல்றாங்க. 1997ல மேல்முறையீட்டு கோர்ட், கேரக்டர்ல நடிச்சதால ஒருத்தன் தன் மூஞ்சி மேல இருக்கற உரிமைய விட்டுக் குடுத்ததா ஆகாதுன்னு சொல்லி கேஸ விசாரணைக்கு அனுப்புச்சு, 2001ல சமரசமா முடிஞ்சுது. நடிகருங்களுக்கு இது தான் பெரிய பலம்னு நான் நெனைக்கறேன், ஏன்னா இங்க ஸ்டுடியோ கணக்கு புத்தகத்தையே நம்ப வேண்டியதில்ல.

கடைசியா நான் பாத்த ஒன்னு. நான் போட்ட ஸ்டேட்மென்ட்ல ஒரு பழைய நடிகருக்கு மூணு மாசத்துக்கு ஒரு தடவ நாலு டாலர் அஞ்சு டாலர்னு சேரும். இத்தன டாலருக்கு கீழ இருந்தா செக் அனுப்ப வேணாம், அடுத்த தடவைக்கு தள்ளுன்னு ரூல். நாலு வருஷமும் தள்ளிக்கிட்டே இருந்தேன். செக் போடற அளவுக்கு தொகை சேந்த அன்னிக்கு, அதுக்கு முந்தின ஸ்டேட்மென்ட் கவர் அந்த அட்ரஸ்ல ஆள் இல்லைன்னு திரும்பி வந்து எங்க க்ளையன்ட் சிஸ்டம்ல ஹோல்டுன்னு விழுந்திருந்துச்சு.