எல்லாம் கடவுளின் அருள் என்றால் மனிதனுக்கு என்ன வேலை?

கிறிஸ்தவப் போதனையில், நாம் சம்பாதிக்காமலே கடவுள் தரும் உதவிதான் அருள். சீர்திருத்தத் திருச்சபையினர் (புராட்டஸ்டன்ட்) இதைக் 'கிருபை' என்பார்கள். சுதந்திர விருப்பம் என்பது நல்லதையோ கெட்டதையோ நாமே தேர்ந்துகொள்ளும் திறன்.

இரண்டும் மோதுவது போலத் தெரிகிறது. 5-ஆம் நூற்றாண்டிலேயே இந்த வாதம் வந்துவிட்டது. மனிதன் தன் முயற்சியாலேயே பாவமில்லாமல் வாழ முடியும் என்றார் பெலாஜியுஸ் என்ற துறவி. ஆயர் அகுஸ்தீன் ஏற்கவில்லை. விருப்பம் நமக்கு உண்டு, ஆனால் அது பாவத்தால் நோயுற்றுக் கிடக்கிறது. நல்லதை விரும்பவே கடவுள் முதலில் தொட வேண்டும் என்றார். 418-இல் வட ஆப்பிரிக்காவின் கார்த்தேஜ் நகரில் கூடிய ஆயர்கள் அகுஸ்தீன் பக்கம் நின்றார்கள்.

பல நாள் காய்ச்சலில் கிடக்கும் மகனுக்கு அம்மா கஞ்சி ஊட்டுவதை நினைத்துப் பாருங்கள். எழுந்து அடுப்பு மூட்ட அவனால் ஆகாது. ஆனால் வாயைத் திறந்து விழுங்குவது அவன்தான். அந்தத் தெம்புகூட முந்தின வாய்க் கஞ்சி தந்ததுதான். எனக்கு மிகவும் பிடித்த இடம் இது. சரி, வாயை மூடிக்கொள்ளலாமா, அதாவது அருளை மறுக்க முடியுமா? முடியும் என்கிறது கத்தோலிக்கப் போதனை. மீட்புக்காகக் கடவுளால் தேர்ந்துகொள்ளப்பட்டவர்களிடம் அருள் தோற்காது என்கிறார்கள், 16-ஆம் நூற்றாண்டுச் சீர்திருத்தவாதி கால்வின் வழியினர்.

அப்புறம், அருள்தான் இருக்கிறதே, எப்படியும் வாழலாம் என்று சிலர் நினைக்கிறார்கள். பைபிளில் ரோமருக்கு எழுதிய கடிதத்தில் திருத்தூதர் பவுல் இதே கேள்வியை எழுப்பி, 'கூடாதே' என்று ஒரே சொல்லில் மறுக்கிறார்.