கீரைப் பாத்தியில் பூனை: எதை வாங்கலாம், எதை வாங்கவே கூடாது?

கேள்வி: மஞ்சக்குப்பத்தில் தனி வீடு. பின்பக்கம் மூன்று பாத்தி போட்டு அரைக்கீரை, சிறுகீரை, வெண்டை வைத்திருக்கிறேன். மண்ணைக் கொத்தி விதை தூவிய மறுநாளே தெருப் பூனைகள் வந்து தோண்டி அசிங்கம் செய்துவிட்டுப் போகின்றன. ஐந்து மாதக் கர்ப்பிணியான என் மகள் இப்போது எங்களோடு இருக்கிறாள். கடைக்காரர் பாச்சா உருண்டை போடச் சொல்கிறார். பக்கத்து வீட்டம்மா மிளகாய்த்தூள் என்கிறார். இணையத்தில் 1,499 ரூபாய்க்கு, காதுக்குக் கேட்காத ஒலியால் பூனையை விரட்டும் கருவி என்று விளம்பரம் வருகிறது. எதை வாங்கட்டும்? மகளுக்கு ஆபத்து ஏதும் உண்டா?
- வாசகி, கடலூர்

பதில்: மகளைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். பூனை மலத்தில் டாக்ஸோபிளாஸ்மா என்ற ஒட்டுண்ணி இருக்கலாம். கர்ப்ப காலத்தில் ஒரு பெண்ணுக்கு அது முதன்முறையாகத் தொற்றினால் வயிற்றில் உள்ள குழந்தையைப் பாதிக்கக்கூடும். ஆனால் எல்லாப் பூனையும் எந்நாளும் அதைப் பரப்புவதில்லை. பெரும்பாலும் பூனைக்கு முதல் தொற்று வரும்போது மட்டும், ஓரிரு வாரங்கள் மலத்தில் வெளியேறும். அப்படி வெளியேறியதும்கூட உடனே தொற்றாது. தொற்றும் நிலைக்கு வர 1 முதல் 5 நாள் ஆகும். அதன்பின் ஈரமண்ணில் மாதக்கணக்கில் உயிரோடு கிடக்கும். ஆகவே தினமும் காலையில் ரப்பர் கையுறை போட்டுச் சிறு மண்வெட்டியால் மலத்தை அள்ளிவிடுங்கள். பையில் கட்டிக் குப்பையில் போடுங்கள். உரக்குழியில் போட வேண்டாம். இந்த வேலையை நீங்கள் செய்யுங்கள், மகள் பாத்திப் பக்கமே வர வேண்டாம். கீரையை நாலைந்து தண்ணீரில் அலசி வேகவைத்துச் சாப்பிடுவதில் பயமில்லை. கொத்தமல்லி, புதினா போலப் பச்சையாகச் சேர்ப்பவற்றை அந்தப் பாத்தியிலிருந்து இப்போதைக்குப் பறிக்காதீர்கள். அடுத்த முறை பரிசோதனைக்குப் போகும்போது மருத்துவரிடமும் சொல்லுங்கள். அரைவேக்காட்டு இறைச்சியிலிருந்தும் இதே ஒட்டுண்ணி வரும் என்பதால் அவர் அதையும் சேர்த்து விசாரிப்பார்.

இனி வாங்குகிற விஷயம். பூனைக்கு உங்கள் கீரை மேல் ஆசையில்லை. அது தேடுவது உலர்ந்த, பொலபொலப்பான, காலால் கிளறி மூட வசதியான மண். நம் கடலோர மணற்பாங்கான மண்ணைக் கொத்திவிட்டு விதை தூவினால் அதற்கு அதைவிடத் தோதான இடம் வேறில்லை. அதனால்தான் செடி அடர்ந்து வளர்ந்த பாத்தியை விட்டுவிட்டுப் புதுப் பாத்திக்கு வருகிறது. மண்ணை மறைத்துவிட்டால் பாதிக்கு மேல் தீர்ந்தது. அதற்கு முதல் நான்கைந்து நாளுக்குக் காசே வேண்டாம்: விதை தூவித் தண்ணீர் தெளித்ததும் மேலே தென்னங்கீற்றைப் பரப்பி வையுங்கள். முளை தெரிந்ததும் எடுத்துவிடலாம். அதுவரை மண்ணும் ஈரமாக இருக்கும்; ஈரமண்ணில் மலம் கழிக்கப் பூனைக்குப் பிடிக்காது.

கீற்றை எடுத்தபிறகு கோழிவலை. நான் காசு போட்டு வாங்கச் சொல்வது இந்த ஒன்றைத்தான். ஓர் அங்குலக் கண்ணுள்ள வலையை மண்மேல் படுக்கையாக விரித்து, ஓரத்தைக் கம்பிக் கொக்கியால் மண்ணில் குத்திவிடுங்கள். கீரை கண் வழியாக மேலே வரும், பூனையால் தோண்ட முடியாது. வெறும் இரும்புக் கம்பி வலை நம் உப்புக்காற்றுக்குச் சீக்கிரம் துருப்பிடித்துக் கையைக் கிழிக்கும். பிளாஸ்டிக் பூச்சு உள்ளதையோ முழுப் பிளாஸ்டிக் வலையையோ கேட்டு வாங்குங்கள். பாத்தியின் நீள அகலத்தை அளந்துகொண்டு போனால் மீட்டர் கணக்கில் வெட்டித் தருவார்கள், முழுச் சுருள் தேவையில்லை. அரைக்கீரையை அறுத்து அறுத்து எடுப்பதால் வலை அப்படியே கிடக்கலாம். சிறுகீரையை வேரோடு பிடுங்க வேண்டும், அதற்கு நான்கு விரல் உயரம் வந்ததும் வலையை எடுத்துவிடுங்கள். வெண்டைக்கு வலையே வேண்டாம். தூரைச் சுற்றித் தேங்காய் மட்டையையோ கொட்டாங்குச்சியையோ நெருக்கமாகக் கவிழ்த்து வைத்தால் போதும்.

நீங்கள் எழுதாத ஒன்றையும் கேட்கிறேன். மீன் கழுவிய தண்ணீரைச் செடிக்கு ஊற்றுகிறீர்களா? நம் ஊரில் முக்கால்வாசி வீட்டில் அந்த வழக்கம் உண்டு, ரோஜாவும் முருங்கையும் அதில் செழிக்கத்தான் செய்யும். ஆனால் அது பூனைக்கு வெற்றிலை பாக்கு வைத்து அழைப்பது. உரமாகப் போடும் மீன் அமிலமும் எலும்புத்தூளும் அப்படியே. இவற்றைப் பாத்தியில் நிறுத்திவிட்டு, மதிலை ஒட்டிய மரத்தடியில் குழி பறித்து ஊற்றி மண்ணை மூடிவிடுங்கள்.

குப்பைமேனியையும் பாருங்கள். அதற்குப் பூனைவணங்கி என்றே ஒரு பெயர் உண்டு. களையெடுக்கும்போது பிடுங்கி வரப்பிலேயே போட்டுவிட்டால் அந்த வேரின் வாசத்துக்குப் பூனை வந்து புரளும். இதையே நமக்குச் சாதகமாகவும் திருப்பலாம். தோட்டத்தின் கோடியில் இரண்டடிக்கு இரண்டடி, அரையடி ஆழத்தில் மணல் கொட்டி, பக்கத்தில் இரண்டு குப்பைமேனிச் செடியை வளர விடுங்கள். உலர்ந்த மணலுக்குப் பூனை தானாகப் போகும். அதைத் தினமும் அள்ளிவிடுவது முக்கியம். அசுத்தமாகக் கிடந்தால் மறுபடி உங்கள் கீரைக்கே வரும்.

பாச்சா உருண்டையை வாங்கவே வாங்காதீர்கள். அது நாஃப்தலீன் என்ற ரசாயனம். மிட்டாய் போல இருப்பதால் குழந்தைகள் வாயில் போட்டுக்கொள்ளும். உடலில் ஜி6பிடி என்ற நொதி குறைவாக உள்ளவர்களுக்கு அது ரத்தச் சிவப்பணுக்களை உடைக்கும். கர்ப்பிணி இருக்கும் வீட்டில், அதுவும் சாப்பிடும் கீரைக்குப் பக்கத்தில் அதற்கு இடமே இல்லை. பினாயிலும் கூடாது. அதில் இருக்கக்கூடிய ஃபீனால் வகை நஞ்சை முறிக்கும் திறன் பூனையின் ஈரலுக்கு மிகக் குறைவு. காலில் பட்டதை நக்கியே அது சாகக்கூடும், செடியும் கருகும். மிளகாய்த்தூள் பூனையின் பாதத்தில் ஒட்டி, முகம் துடைக்கும்போது கண்ணுக்குப் போகும். மத்தியானக் கடற்காற்றில் உங்கள் கண்ணுக்கும் வரும். ஒரு தடவை தண்ணீர் ஊற்றினால் அடித்தும் போய்விடும். ஆரஞ்சு, எலுமிச்சைத் தோல் போடுவதில் கெடுதல் இல்லை, ஆனால் வாசம் இருக்கும் வரைதான் பலன்.

அந்த 1,499 ரூபாய்க் கருவியை இப்போது வாங்க வேண்டாம் என்பதே என் கருத்து. அது முழு ஏமாற்று என்று சொல்லமாட்டேன். மனிதக் காது 20 கிலோஹெர்ட்ஸ் வரைதான் கேட்கும், பூனைக்கு 60 கிலோஹெர்ட்ஸைத் தாண்டியும் கேட்கும். இங்கிலாந்தின் வீட்டுத் தோட்டங்களில் நடந்து 2006இல் வெளியான ஆய்வில், ஒரு பரிசோதனையில் பூனைகளின் வருகை ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைந்தது. குறைந்ததே தவிர நிற்கவில்லை. அந்த ஒலி மதிலையும் அடர்ந்த செம்பருத்தியையும் தாண்டாது, தூரம் போகப் போகத் தேய்ந்துவிடும். மூன்று பாத்திக்கு ஒரு கருவி போதாமல் போகலாம். வலைக்குச் செலவாவது அதில் சிறு பங்குதான்.

கேள்வி: அதே மாதிரிக் கருவியை நான் இணையத்தில் வாங்கிவிட்டேன். “7 நாளில் ஒரு பூனைகூட வராது, 2,000 சதுர அடிக்கு உத்தரவாதம்” என்று போட்டிருந்தார்கள். மூன்று வாரம் ஆகியும் பூனை அதன் பக்கத்திலேயே படுத்திருக்கிறது. திருப்பித் தரும் காலம் முடிந்துவிட்டதாம், பணம் தர மறுக்கிறார்கள்.
- வாசகர், லாஸ்பேட்டை, புதுச்சேரி

பதில்: விடாதீர்கள். 2020ஆம் ஆண்டின் மின்வணிக நுகர்வோர் விதிகளின்படி, விளம்பரத்தில் சொன்ன தன்மை பொருளுக்கு இல்லையென்றால் விற்றவர் அதைத் திரும்ப வாங்க மறுக்கக் கூடாது. “காலம் முடிந்தது” என்பது அவர்களாக எழுதிக்கொண்ட நிபந்தனை.

இன்றே அந்த விளம்பரப் பக்கத்தைப் படம் பிடித்து வையுங்கள், நாளை வாசகத்தை மாற்றிவிடலாம். பூனை கருவிக்குப் பக்கத்தில் படுத்திருப்பதைத் தேதி தெரிய வீடியோ எடுங்கள். பிறகு அந்தத் தளத்தின் குறைதீர் அலுவலருக்கு எழுத்தில் புகார் அனுப்புங்கள். 48 மணி நேரத்தில் பெற்றுக்கொண்டதாகப் பதில் வர வேண்டும், ஒரு மாதத்தில் தீர்க்க வேண்டும். நகராவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. தொகை சிறியது என்று பலர் இங்கேயே நின்றுவிடுகிறார்கள், அதுதான் எனக்கு வருத்தம். கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய் வரை இருந்தால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனுவுக்குக் கட்டணமே இல்லை. வழக்கறிஞர் வைக்க வேண்டியதில்லை. 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, விற்றவர் எந்த ஊரில் இருந்தாலும் நீங்கள் வசிக்கும் புதுச்சேரியிலேயே மனு போடலாம். இரண்டு ஆண்டுக்குள் போட வேண்டும். தவறான விளம்பரத்தால் வாங்கினேன் என்று மனுவில் தெளிவாக எழுதி, விலையோடு சேர்த்து இழப்பீடும் கேளுங்கள்.

கேள்வி: பக்கத்து வீட்டில் ஐந்தாறு பூனைக்குச் சோறு வைக்கிறார்கள். எல்லாம் எங்கள் ரோஜாத் தொட்டியில்தான் வந்து அசிங்கம் செய்கின்றன. எலி மருந்து வைத்தால் என்ன என்கிறார் வீட்டுக்காரர்.
- வாசகி, முத்தியால்பேட்டை, புதுச்சேரி

பதில்: வைக்கக் கூடாது அம்மா. விலங்குக்கு விஷம் வைத்துக் கொல்வது பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 325ஆம் பிரிவின்படி 5 ஆண்டு வரை சிறைத்தண்டனை உள்ள குற்றம். அந்த மருந்தைத் தெருக் குழந்தை தொட்டுவிட்டால் பிறகு எதைச் சொல்லியும் ஆறாது. அவர்கள் சோறு வைக்கும் நேரத்தில் நேரில் போய்ப் பேசுங்கள். சோறு வைப்பதை நிறுத்தச் சொல்லாமல், அவர்கள் வீட்டுப் பக்கமே ஒரு மணல் தொட்டி வைத்துத் தினமும் அள்ளச் சொல்லுங்கள். கருத்தடை செய்தால் குட்டியும் பெருகாது, கடுவன் சுவரில் மூத்திரம் பீச்சுவதும் குறையும். குரும்பாப்பேட்டில் உள்ள ராஜீவ் காந்தி கால்நடை மருத்துவக் கல்லூரியில் அதைப்பற்றி விசாரிக்கச் சொல்லுங்கள், முடிந்தால் கூடவே நீங்களும் ஒரு நடை போய் வாருங்கள். உங்கள் தொட்டிகளுக்கு மண் தெரியாத அளவுக்குக் கருங்கல் ஜல்லி இரண்டு அங்குலம் பரப்பினால் போதும்.