நீச்சல் தொட்டிக்கு எத்தனை கியூப்?

ஐயா,

ரொறன்ரோவிலிருந்து எழுதுகிறேன். யாழ்ப்பாணத்து உரும்பிராயில் அம்மாவின் வளவில், ஓகஸ்ட் விடுமுறைக்கு வரும் பிள்ளைகளுக்காக நிலத்துக்கு மேல் பொருத்தும் வட்ட நீச்சல் தொட்டி வைக்கப்போகிறேன். விட்டம் 18 அடி, உயரம் 4 அடி. அடியில் 4 அங்குலம் கிறவல், அதன்மேல் 2 அங்குலம் மணல், சுற்றிவர ஓர் அடி கூடுதலாக. மேசன் 5 கியூப் கிறவலும் 2 கியூப் மணலும் கேட்கிறார். ஏமாற்றுகிறாரா? நிலம் ஒரு பக்கம் சரிவு, பள்ளத்தை நிரப்பலாமா? தண்ணீருக்குப் பிரச்சினை இல்லை, வற்றாத கிணறு இருக்கிறது.

ச.

அன்புள்ள ச.,

மேசனைத் திட்டாதீர்கள். சுற்றிவர ஓர் அடி விட்டால் விட்டம் 20 அடி. பாதியாக்கி 10ஐ 10ஆல் பெருக்க வேண்டிய இடத்தில் அவர் 20ஐ 20ஆல் பெருக்கிவிட்டார், எல்லாம் நாலு மடங்காகிவிட்டது. அந்த 100ஐ 3.14ஆல் பெருக்கினால் சரியான பரப்பு 314 சதுர அடி. 4 அங்குலக் கிறவலுக்கு 105 கன அடி. அடித்து இறுக்கினால் அமுங்கும், ஆகவே கால்வாசி கூட்டி 130. நம்மூர்க் கியூப் 100 கன அடி என்பதால் ஒன்றேகால் கியூபுக்குக் கொஞ்சம் மேல். மணல் 52 கன அடி, அரைக் கியூபை ஒட்டி வரும். பள்ளத்தை நிரப்பாதீர்கள், மேட்டை வெட்டுங்கள். நிரப்பிய மண் பிறகு இறங்கும்.

சரி, இனி அந்தக் கடைசி வரி. பக்கத்து வளவில் இரவிரவாக மோட்டர் ஓடுகிறது. நித்திரை வராமல் நான் கிணற்றுத் தண்ணீரையே நினைத்துக்கொண்டு கிடந்த நேரத்தில்தான் நீங்கள் 'வற்றாத கிணறு' என்று எழுதுகிறீர்கள்.

உங்கள் தொட்டியில் மூன்றரை அடிக்குத் தண்ணீர் விட்டால் 25,000 லீற்றர். அதுவும் ஓகஸ்டில், கிணறுகள் கீழே போய்க் கிடக்கும் மாதத்தில்! வற்றாது என்பது உண்மைதான், கடல் எங்கே வற்றுகிறது? எங்கள் சுண்ணக்கல்லுக்குள் மாரி மழைத் தண்ணீர் உப்புத் தண்ணீரின் மேல் மிதக்கிறது. கடல் மட்டத்துக்கு மேல் நன்னீர் ஓர் அடி நின்றால் கீழே ஏறக்குறைய 40 அடிக்கு இருக்கும் என்பது கணக்கு. மேலே ஓர் அடியை இறைத்துத் தள்ளினால் அடியிலிருந்து உப்பு எவ்வளவு ஏறும் என்று நீங்களே பெருக்கிப் பாருங்கள், இந்த முறை விட்டத்தைப் பாதியாக்கத் தேவையில்லை. புத்தூர்ப் பக்கத்து ஆழமான நிலாவரைக் கிணற்றிலும் மேலே நன்னீர், ஆழத்தில் உப்பு. சின்ன வயதில் நீங்களும் எட்டிப் பார்த்திருப்பீர்கள்.

எங்கள் வீட்டிலும் துலாவை இறக்கிவிட்டு மோட்டர் பூட்டினோம். வெங்காயத்துக்கு அப்பா பகல் முழுக்க இறைத்தார், மோட்டரின் பக்கம் பேசியவன் நான். ஒரு பங்குனியில் அம்மம்மா தேத்தண்ணியை ஒரு வாய் குடித்துவிட்டு முற்றத்தில் ஊற்றினார், சீனிக்குப் பதில் உப்பைப் போட்டுவிட்டேன் என்று. இன்னொரு கோப்பை ஊற்றினார். அதுவும் அப்படியே. அப்பா ஒன்றும் பேசாமல் எழுந்து வெளியே போனார்.

1990இல் யாழ்ப்பாணத்துக்கு அரசாங்கத்தின் பொருளாதாரத் தடை வந்தது. மண்ணெண்ணெய் இல்லை, மோட்டர் சாக்கால் மூடிக் கிடந்தது. பழையபடி துலா, பழையபடி வாளி. மூன்று மாரி கழித்து அம்மம்மா தேத்தண்ணியைக் குடித்துவிட்டு, 'இப்ப சரி' என்றார். அந்தத் தடையை நான் ஒருநாளும் நல்லது என்று சொல்லமாட்டேன். ஆனால் அந்தத் தேத்தண்ணியை மறக்கவும் முடியவில்லை.

உங்கள் அம்மாவின் காணி உறுதியை எடுத்துப் பாருங்கள், ஊரில் பல உறுதிகளில் கிணற்றில் இத்தனை பங்கும் வழி வாய்க்காலும் என்று எழுதியிருக்கும். தனிக் கிணறாகவே இருக்கட்டும், அடியில் உள்ள தண்ணீருக்கு மதில் இல்லை ஐயா. அத்தனை தண்ணீரில் குளோரின் கலந்து, விடுமுறை முடியத் திறந்துவிடப் போகிறீர்கள். கிணற்றடியில் குளித்த தண்ணீர் என்றால் வாழைக்காவது போகும்.

கோபிக்க வேண்டாம். பிள்ளைகள் ஊருக்கு வர வேண்டும் என்ற உங்கள் ஆசை எனக்கு விளங்குகிறது, என் பேரன்களும் வெளியில்தான். 10 அடித் தொட்டியாக வாங்கினால் என்ன? இரண்டரை அடித் தண்ணீருக்கு 5,500 லீற்றர் போதும், அதையும் ஒரே நாளில் இறைக்காதீர்கள். அதற்குக் கிறவல் அரைக் கியூப், மணல் கால் கியூபுக்கும் குறைவு. கால் கியூபுக்கு யாரும் டிப்பர் கொண்டுவரமாட்டார்கள், ஒரு கியூபாகவே வாங்குங்கள். மிச்ச மணலை மாமரத்தடியில் கொட்டிவிட்டால், இரண்டாம் நாள் பிள்ளைகள் தொட்டியை விட்டுவிட்டு அங்கேதான் இருப்பார்கள்.