கட்டட வேலை தெரியாத ஒருவர் கொல்லையில் சின்னக் கல் கொட்டகை ஒன்றைத் தானே கட்ட முடியுமா?

தாராளமாக முடியும். நான் கட்டியிருக்கிறேன். உச்சிப்புளிக்கும் மண்டபத்துக்கும் நடுவில் எங்கள் ஊர், கடல் கூப்பிடு தூரம். எனக்குத் தொழில் ஜவுளிக்கடையில் கணக்கு எழுதுவது. அதற்கு முன் கரண்டி என்றால் எனக்குச் சமையல்கட்டுக் கரண்டிதான்.

நீங்களும் ராமநாதபுரம் கடற்கரைப் பக்கம் என்று கேள்வியில் எழுதியிருக்கிறீர்கள். மண்வெட்டி, கடப்பாரை, தேங்காய் மட்டை, பழைய சைக்கிள் எல்லாம் வெயிலிலும் உப்புக்காற்றிலும் கிடந்து பாழாகிறது, அதற்கு ஒரு இடம் வேண்டும், அவ்வளவுதானே? எனக்கு முன் பதில் சொன்னவர்களில் பாதிப் பேர் "கொத்தனாரைக் கூப்பிடுங்கள், விஷப்பரீட்சை வேண்டாம்" என்கிறார்கள். ஒருவர் தகரக் கொட்டகை வாங்கி நிறுத்தச் சொல்கிறார். அவர் கடலோரத்தில் குடியிருந்தவர் இல்லை என்று நினைக்கிறேன். இங்கே தகரத்தில் ஆணி அடித்த இடத்தைச் சுற்றி முதலில் செம்மண் நிறத்தில் ஒரு வட்டம் விழும். அப்புறம் அந்த வட்டமே ஓட்டையாகும்.

இன்ஜினியர்கள் சண்டைக்கு வருவதற்கு முன்பே சொல்லிவிடுகிறேன். நான் பேசுவது ஆள் குடியிருக்கும் அறையைப் பற்றி இல்லை. உள்ளளவு எட்டுக்கு ஆறு அடி, உயரம் ஆறரை அடி, ஒரு கதவு, சாமான் போட்டு வைக்கிற கொட்டகை. மாடி போடுவதாக இருந்தால் என் பேச்சைக் கேட்காதீர்கள். வீடு கரையை ஒட்டி இருந்தால் கடற்கரை ஒழுங்குமுறை விதிகள் குறுக்கே வரும், ஊராட்சியில் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுத் தொடங்குங்கள்.

முதலில் கல். கருங்கல் நம் பக்கம் வெட்டுவதில்லை, மதுரை, சிவகங்கைப் பக்கமிருந்து லாரியில்தான் வர வேண்டும். சின்ன வேலைக்கு அது கட்டுப்படியாகாது. எங்கள் தெருவில் ஒருவர் பழைய காம்பவுண்டுச் சுவரை இடித்துவிட்டு ஹாலோ பிளாக்கில் கட்டினார். அந்தக் கருங்கல்லை "எடுத்துட்டுப் போனா சரி" என்று கொடுத்துவிட்டார். இப்படி இடிக்கிற வீடுகளை விசாரித்து வையுங்கள்.

"கீழக்கரையில் எங்கள் பாட்டன் வீடு முருகைக்கல்லில் கட்டியது, இன்னும் அசையாமல் நிற்கிறது, அதைச் சொல்லக் கூடாதா?" என்று ஒருவர் கேட்கத்தான் போகிறார். உண்மைதான், நல்ல கல்தான். ஆனால் அது கடலுக்குள் உயிரோடு இருந்த பவளம். 2001-இல் அதை வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்த்துவிட்டார்கள். எடுத்தால் கேஸ். மன்னார் வளைகுடாத் தீவுகளில் பூவரசன்பட்டியும் விலங்குசல்லியும் கடலுக்குள் போனதற்குப் பவளத்தை வெட்டி வெட்டி எடுத்ததையும் ஒரு காரணமாகச் சொல்கிறார்கள். கொட்டகை கட்ட அந்தப் பாவம் வேண்டாம்.

இனி நான் முக்கியமாகச் சொல்ல வந்தது. நம் ஊரில் கட்டடத்தைக் கொல்வது மழையோ புயலோ இல்லை, உள்ளே இருக்கிற கம்பி. உப்பு உள்ளே இறங்கிக் கம்பி துருப்பிடித்தால் அது ஊதும், ஊதினால் கான்கிரீட் வெடித்துக் கொட்டும். நம் பக்கத்து வீடுகளின் சன்ஷேடைப் பாருங்கள், எலும்பு தெரிகிற மாதிரி கம்பி தெரியும். கல் சுவருக்குக் கம்பி தேவையில்லை. கட்டத் தெரியாதவனுக்கு நம் ஊரில் கல்தான் தோது என்று நான் அடித்துச் சொல்வது இதனால்தான். கலக்குகிற தண்ணீரில் இருக்கலாம் என்று இந்தியத் தர நிர்ணயம் ஐஎஸ் 456 சொல்லும் குளோரைடு (உப்பில் இருப்பது) அளவே, கம்பி போட்ட கான்கிரீட்டுக்கு லிட்டருக்கு 500 மில்லிகிராம், கம்பி இல்லாததற்கு 2000. ஓரளவு உவர்த்தண்ணீர் கம்பி இல்லாத வேலையைக் கவிழ்க்காது, ஆனால் சுவரில் வெள்ளையாக உப்புப் பூக்கும். கடல் மணல் மட்டும் கூடவே கூடாது. கருங்கல்லை உடைத்துச் செய்கிற எம் சாண்ட் மணலை வாங்குங்கள்.

தண்ணீர் என்றதும் எனக்குக் கோபம் வந்துவிடுகிறது. எங்கள் வீட்டு ஆழ்துளைக் கிணற்றில் வருவது வாயில் வைக்க முடியாத உப்பு. குழாய் இருக்கிறது, அதில் தண்ணீர் நினைத்தால் வரும். அது வருகிற நேரத்தில் வீட்டில் ஆள் இருக்க மாட்டார்கள். குடிக்கக் குடம் குடமாக வண்டிக்காரரிடம் வாங்குகிறோம். நீளக் கடற்கரை உள்ள மாவட்டம் என்று வெளியூர்க்காரர்கள் பெருமையாகப் பேசுவார்கள், வந்து ஒரு மாதம் துணி துவைத்துப் பார்க்கட்டும். மழைக்காலத்தில் ஊருணியில் நிற்கிற தண்ணீரைச் சீராக வைத்திருந்தாலே பாதிக் கஷ்டம் தீரும். தூர்வார வருகிறவர்கள் கரையில் நின்று படம் எடுத்துக்கொண்டு போகிறார்கள். சரி, அதை விடுங்கள். கலவைக்கு நான் கூரையிலிருந்து டிரம்மில் பிடித்து வைத்த மழைத் தண்ணீரை ஊற்றினேன். சுவரை நனைக்கவும் அதுதான்.

வேலையைத் தையில் தொடங்குங்கள். ஐப்பசி, கார்த்திகையில் வானம், அதாவது அஸ்திவாரக் குழி, தோண்டினால் கீழே தண்ணீர் ஊறி நிற்கும். மணல் பூமியில் பக்கங்கள் சரிந்துகொண்டே இருக்கும், தண்ணீர் தெளித்துக்கொண்டே தோண்டினால் கொஞ்சம் நிற்கும். நான் இரண்டரை அடி அகலம், அதே ஆழம் எடுத்தேன். அடியில் தண்ணீர் விட்டுத் திமிசுக் கட்டையால் இடித்துக் கெட்டியாக்கி, ஆறு அங்குலத்துக்கு ஜல்லிக் கான்கிரீட். மூலைமட்டம் பார்க்கக் கருவி வேண்டாம். மூலையிலிருந்து ஒரு பக்கம் ஆறு அடி, மறு பக்கம் எட்டு அடி குறித்து, குறுக்கே பத்து அடி வந்தால் மூலை சரி. இதை நான் கயிறு பிடித்துச் செய்தபோது வேலியோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்த கொத்தனார் ஒருவர், "என்னண்ணே, கணக்குப்பிள்ளை கல்லுக்கும் கணக்கெழுதுறீகளா" என்று சிரித்தார். சிரித்தவர் நிற்காமல் போய்விட்டார், இல்லாவிட்டால் சுவர் நேராக நிற்கிறதா என்று பார்க்கிற தூக்குக்குண்டையாவது பிடிக்கச் சொல்லியிருப்பேன்.

சுவர் பதினைந்து அங்குலக் கனம். அதற்குக் குறைந்தால் ஒழுங்கில்லாத கல் உட்காராது. கல்லை எடுத்ததும் வைத்துவிடக் கூடாது, கலவை போடாமல் வெறுமனே வைத்து ஆட்டிப் பாருங்கள். ஒரு பக்கம் திருப்பினால் டக் டக்கென்று ஆடும், இன்னொரு பக்கம் திருப்பினால் சத்தமில்லாமல் உட்காரும். உட்கார்ந்த பக்கத்தைச் சுண்ணாம்புக் கட்டியால் குறித்துக்கொண்டு, தூக்கி, கலவை போட்டு, அதே மாதிரி வையுங்கள். பெரிய கல் கீழே, தட்டையான முகம் படுக்கையாக. இரண்டு கல் சேருகிற இடத்துக்கு மேலே ஒரு கல்லின் நடுப்பாகம் வர வேண்டும். நாலைந்து அடிக்கு ஒன்றாவது சுவரின் இந்த முகத்திலிருந்து அந்த முகம்வரை நீளுகிற கல்லாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் சுவர் இரண்டு தோலாகப் பிரியும். நடுவில் உள்ள பொந்தை வெறும் கலவையால் நிரப்பாதீர்கள், சில்லுக் கல்லைக் கலவையில் தோய்த்துச் சுத்தியலால் தட்டி இறக்குங்கள். சிமெண்ட் ஒரு சட்டிக்கு மணல் ஆறு சட்டி, ஒரு மணி நேரத்தில் தீருகிற அளவு மட்டும் குழையுங்கள். ஒரே நாளில் இரண்டு அடிக்கு மேல் ஏற்றாதீர்கள், ஈரக் கலவை பிதுங்கிவிடும். கட்டியதை ஒரு வாரம் சாக்குப் போட்டு நனைக்க வேண்டும். வெளியே பூசவே வேண்டாம், இடுக்கை மட்டும் அடைத்து விடுங்கள். பூசினால் உப்பு அதைத் தள்ளிவிடும்.

கதவுக்கு மேலே லிண்டல் கான்கிரீட் போட வேண்டாம், அதில் கம்பி வந்துவிடும். இரண்டு பக்கமும் முக்கால் அடி சுவருக்குள் போகிற மாதிரி ஒரு கல் பலகை போட்டேன். தூக்கிவைக்க நாலு பேர் வந்தார்கள், டீயும் வடையும் செலவு.

கூரைதான் கவனம். தனுஷ்கோடியில் 1964 டிசம்பர் புயலுக்குப் பிறகு எது மிஞ்சியது என்று போய்ப் பாருங்கள். தேவாலயத்தின் கல் சுவர் நிற்கிறது, கூரை இல்லை. நம் ஊர்க் காற்று கூரையை மேலே தூக்கும். நான் முற்றிய பனங்கை (பனைமரச் சட்டம்) போட்டு நாட்டு ஓடு வேய்ந்தேன். பனங்கையைச் சுவரோடு கட்டக் கம்பி வாங்கப் போனபோது, பக்கத்து வீட்டுப் பெரியவர், கடலுக்குப் போகிறவர், "கம்பி எதுக்கு தம்பி, துருப்பிடிச்சுப் போயிரும்" என்று படகுக்குக் கட்டுகிற நைலான் கயிற்றைக் கொண்டுவந்தார். சுவர் கட்டும்போதே முழு அகலக் கல்லுக்கு அடியில் கயிற்றை விட்டு, உள்பக்கமாக மேலே கொண்டுவந்து பனங்கையில் அவரே முடிச்சுப் போட்டார். வெயில் படாததால் கயிறு இற்றுப்போகவில்லை. அந்த முடிச்சை எனக்கு இன்னும் அவிழ்க்கத் தெரியாது.

நூறு வருஷம் நிற்கும் என்று நான் சொல்லவில்லை, யாரும் அப்படிப் பின்னூட்டத்தில் திரிக்க வேண்டாம். சுவர் ஒரு இடத்தில் லேசாகத் தொப்பை போட்டிருக்கிறது, தூக்குக்குண்டு பிடித்தால் தெரியும், பிடிக்காவிட்டால் தெரியாது. செலவைக் கேட்பவர்களுக்கு: கல் ஓசி, ஓடு பழசு. பணம் போனது சிமெண்டுக்கும் எம் சாண்டுக்கும் கதவுக்கும்தான்.

படம் கேட்காதீர்கள். உள்ளே மண்வெட்டி வைக்கவே இடமில்லை. என் மச்சான் அவருடைய ஓடாத ஃபிரிட்ஜை "ஒரு வாரம் இருக்கட்டும் மாப்ள" என்று கொண்டுவந்து இறக்கினார். பொங்கல் போய் ஆடியும் வந்துவிட்டது.