பிளாக்செயின் மாநாடு: போகலாமா, போனால் யாரிடம் பேசுவது?

வணக்கம் சார்,

நான் ஜாவாவில் பேக்எண்ட் வேலை பார்க்கிறேன். வேலை முடிந்த பிறகு ராத்திரிகளில் எத்தீரியம் என்ற பிளாக்செயினுக்கான சாலிடிட்டி மொழியைக் கற்றுக்கொண்டு, சின்னச் சின்ன கான்ட்ராக்ட்டுகள் (பிளாக்செயினில் ஓடும் நிரல்கள்) எழுதி, நிஜப் பணம் புழங்காத டெஸ்ட்நெட்டில் போட்டுப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். இப்போது ஒரு எத்தீரியம் டெவலப்பர் மாநாட்டுக்குப் போக உதவித்தொகை கிடைத்திருக்கிறது. ஒரு நண்பன் "அது முழுக்க காயின் விற்கிற கும்பல், போகாதே" என்கிறான். இன்னொருவன் "போய் நின்றாலே வேலை கிடைக்கும்" என்கிறான். உரைகள் எப்படியும் யூடியூபில் வந்துவிடும், நேரில் போய் என்ன ஆகப்போகிறது என்றும் தோன்றுகிறது. அங்கே எனக்கு ஒருவரையும் தெரியாது. புது ஆட்களிடம் பேசப்போனால் நாக்கு ஒட்டிக்கொள்ளும், ஆங்கிலமும் தட்டுத்தடுமாறித்தான் வரும். என்ன செய்யலாம்?

ர.

அன்புள்ள ர.,

போய்விட்டு வாருங்கள். உதவித்தொகை கொடுத்துக் கூப்பிடுகிறார்கள், யோசிக்க என்ன இருக்கிறது?

உங்கள் முதல் நண்பர் சொல்வதை நான் முழுதாகத் தள்ளிவிட மாட்டேன். பிளாக்செயின் என்ற பெயரில் நடக்கும் கூட்டங்களில் கணிசமானவை காயின் சந்தைகள்தான். நிகழ்ச்சி நிரலைப் பார்த்தாலே தெரிந்துவிடும். விலை எங்கே போகும், எதில் போடலாம், எங்கள் டோக்கன் ஏன் அடுத்த பெரிய விஷயம் என்று தலைப்புகள் ஓடினால் அது வேறு ஊர். கம்பைலர், நெட்வொர்க்கில் சேர ஓட்டவேண்டிய கிளையன்ட் மென்பொருள், கான்ட்ராக்ட்டுகளை ஓட்டும் இவிஎம், கான்ட்ராக்ட் பாதுகாப்பு, ரகசியத்தைக் காட்டாமலே ஒன்றை நிரூபிக்கும் ஜீரோ நாலெட்ஜ் நிரூபணங்கள் என்று இருந்தால் அது டெவலப்பர் மாநாடு. எத்தீரியம் ஃபவுண்டேஷன் நடத்தும் டெவ்கான் இந்த இரண்டாவது வகை. 2014-இல் பெர்லினில் தங்கள் ஆட்களுக்குள்ளேயே கூடிப் பேசிக்கொண்டதில் ஆரம்பித்து, 2024-இல் பாங்காக்கில் ஆயிரக்கணக்கானோர் வரும் அளவுக்கு வளர்ந்திருக்கிறது. அங்கேயும் டோக்கன் விற்பவர்கள் வரத்தான் செய்வார்கள், மாலை விருந்துகளில் உங்களைத் தேடியும் வருவார்கள். சிரித்துவிட்டு நகர்ந்துவிடலாம்.

யூடியூப் கேள்வி நல்ல கேள்வி. ஆமாம், உரைகள் வந்துவிடும், அதுவும் நேரில் கேட்பதைவிடத் தெளிவாக, வேகத்தைக் கூட்டிக் குறைத்துப் பார்க்கும் வசதியோடு. அதனால்தான் சொல்கிறேன், அங்கே போய் காலையிலிருந்து மாலை வரை அரங்கத்துக்குள் உட்கார்ந்திருக்காதீர்கள். படம் பிடிக்கப்படாத விஷயங்களுக்காகத்தான் அந்தப் பயணம்.

2016 செப்டம்பரில் ஷாங்காயில் நடந்த டெவ்கானை எடுத்துக்கொள்ளுங்கள். மாநாடு தொடங்கும் நேரம் பார்த்து எத்தீரியத்தின் மீது ஒரு தாக்குதல் நடந்தது. கெத் என்ற கிளையன்ட்டை ஓட்டிக்கொண்டிருந்த நோடுகள் (நெட்வொர்க்கில் இணைந்த கணினிகள்) ஒரு குறிப்பிட்ட பிளாக்கை, அதாவது பரிவர்த்தனைகளின் ஒரு தொகுப்பை, தொட்டதும் மெமரி தீர்ந்து விழ ஆரம்பித்தன. அதை எழுதுகிறவர்கள் மாநாட்டுக்காக அதே ஊரில் கூடியிருந்தார்கள். உடனே உட்கார்ந்து திருத்திப் புதிய பதிப்பை வெளியிட்டார்கள், அதற்கு வைத்த பெயர் 'ஃப்ரம் ஷாங்காய், வித் லவ்'. அதோடு முடியவும் இல்லை. அடுத்தடுத்த நாட்களில் தாக்கியவர் வேறு வழி பிடித்தார். மலிவாக இருந்த ஒரு கட்டளையை ஆயிரக்கணக்கான முறை கூப்பிட்டு, நோடுகளை டிஸ்க்கில் தேடவைத்தே களைப்படையச் செய்தார். எக்ஸ்ட்கோட்சைஸ் என்ற அந்தக் கட்டளையின் விலை அப்போது 20 கேஸ் (கட்டளைகளை ஓட்டக் கட்டும் கட்டணத்தின் அலகு). அக்டோபரில் செய்த ஹார்டுஃபோர்க்கில், அதாவது எல்லோரும் புதிய விதிகளுக்கு மாறவேண்டிய அப்டேட்டில், அதை 700 ஆக்கினார்கள். இன்று நீங்கள் கேஸ் கணக்குப் பார்த்து எரிச்சலாகிறீர்கள் இல்லையா, அதில் கொஞ்சம் அந்த மாதங்களின் பாக்கி. இன்னொரு பாடமும் அப்போது உறைத்தது: கெத் விழுந்தபோது பாரிட்டி என்ற வேறு கிளையன்ட் ஓடிக்கொண்டிருந்ததால்தான் நெட்வொர்க் படுக்கவில்லை. ஒரே மென்பொருளை எல்லோரும் ஓட்டக்கூடாது என்ற பேச்சு அந்தச் சமூகத்தில் இன்றுவரை ஓயாமல் இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம். அந்த வருட மாநாட்டின் உரைகளை நீங்கள் இப்போதும் பார்க்கலாம். ஆனால் பிழையைத் துரத்திக்கொண்டிருந்தவர்களின் தோளுக்குப் பின்னால் நின்று எட்டிப் பார்த்தவருக்குக் கிடைத்தது அதில் இருக்காது.

(சும்மா ஒரு தகவல். எத்தீரியத்தின் அப்டேட்களுக்கு லண்டன், ஷாங்காய், கான்கூன் என்று பெயர் வைத்திருக்கிறார்களே, அவை டெவ்கான் நடந்த ஊர்கள். பேச்சில் எந்த ஊரின் கதையை முதலில் எடுக்கிறார் என்று பார்த்தால் ஆள் எப்போது உள்ளே வந்தவர் என்று தெரிந்துவிடும்.)

பிட்காயின் பக்கமும் இப்படித்தான். 2015 டிசம்பரில் ஹாங்காங்கில் நடந்த ஸ்கேலிங் பிட்காயின் கூட்டத்தில் பீட்டர் வூல்லே, ஒரு பிளாக்கில் அதிகப் பரிவர்த்தனைகள் அடங்க வழிசெய்யும் செக்விட் யோசனையை முன்வைத்தார். அது நெட்வொர்க்கில் நடைமுறைக்கு வந்தது 2017 ஆகஸ்டில். நடுவில் நடந்த சண்டை கொஞ்சநஞ்சமல்ல. மேடையில் ஒருவர் பேசுவது பெரும்பாலும் விவாதத்தின் முதல் வரிதான், மிச்சம் கீழே இறங்கிய பிறகு நடக்கிறது.

இனி பழகுகிற விஷயம், நீங்கள் உண்மையில் கேட்க வந்தது இதைத்தான் என்று நினைக்கிறேன். எத்தீரியத்தின் இணை நிறுவனர் விட்டாலிக் பூட்டரினோடு செல்ஃபி எடுக்க வரிசையில் நிற்கிறவர்களை அங்கே பார்ப்பீர்கள். அந்த வரிசையில் அரை மணி நேரத்தைக் கரைக்காதீர்கள். நீங்கள் தினமும் எதை ஓட்டுகிறீர்களோ, ஃபவுண்ட்ரியோ ஹார்ட்ஹாட்டோ சாலிடிட்டி கம்பைலரோ, அதைப் பராமரிக்கிறவர்களைத் தேடிப் போங்கள். அவர்களைச் சுற்றிக் கூட்டம் இருக்காது. அவர்களுடைய மென்பொருளைப் பிழிந்து பயன்படுத்திய ஒருவர் வந்து கேள்வி கேட்டால் அவர்களுக்கு அதைவிட சந்தோஷம் வேறில்லை. "ஹலோ, உங்கள் வேலை பிரமாதம்" என்று ஆரம்பித்தால் பேச்சு இரண்டு வரியில் நின்றுவிடும், இரண்டு பேருக்கும் சங்கடம். ஒரு கேள்வியோடு போங்கள்.

என்ன கேள்வி? உங்களிடமே இருக்கிறது, ஜாவாக்காரர் நீங்கள். ஜாவாவில் சிங்க்ரனைஸ்டு என்ற பூட்டைப் போட்டால் வேறு த்ரெட் (இணையாக ஓடும் வேலை) உள்ளே வராது, ஆனால் பூட்டை வைத்திருக்கும் அதே த்ரெட் மறுபடி வந்தால் தாராளமாக விடும். சாலிடிட்டியில் த்ரெட்டே கிடையாது. ஆனாலும் வெளி கான்ட்ராக்ட்டைக் கூப்பிட்ட கணத்தில் கட்டுப்பாடு கைமாறி, அதே அழைப்பு சுற்றிக்கொண்டு உள்ளே வருகிறது. ஜாவா எதை சாதுவாக அனுமதிக்கிறதோ அதுதான் இங்கே ஆபத்து, 2016-இல் எத்தீரியத்தில் இருந்த டிஏஓ என்ற கூட்டு முதலீட்டு நிதியைக் கவிழ்த்ததும் அதுதான். சரி, இப்படித் திரும்ப நுழைவதைத் தடுக்க ரீஎன்ட்ரன்சி கார்டு இருக்கிறது. ஆனால் கார்டு போட்ட ஃபங்ஷன் பாதி வேலையில் வெளியே போயிருக்கும்போது, கார்டு இல்லாத ஒரு வியூ ஃபங்ஷனை (எதையும் மாற்றாமல் படித்துச் சொல்ல மட்டும் செய்வது) இன்னொரு கான்ட்ராக்ட் கூப்பிட்டு விலையைப் படித்தால்? அரைகுறையாக மாறிய கணக்கைத்தான் படிக்கும், அதை நம்பிக் கடனும் கொடுக்கும். உங்கள் டெஸ்ட் இதைப் பிடிக்குமா என்று வீட்டிலேயே ஒருமுறை எழுதிப் பாருங்கள். பிடிக்காமல் போனால் அந்த நிரலை லேப்டாப்பில் திறந்து வைத்துக்கொண்டு, பாதுகாப்பு தணிக்கை செய்கிறவர் யாராவது உரை முடித்து மேடைக்குப் பக்கத்தில் நிற்கும்போது காட்டுங்கள். ஆங்கிலப் பிரச்சினையும் இதிலேயே பாதி தீர்ந்துவிடும். திரையில் நிரல் இருக்கும்போது விரலை வைத்து "இங்கே, இது ஏன்?" என்றால் போதும். அங்கே வருகிறவர்களில் ஏராளமானோருக்கு ஆங்கிலம் இரண்டாவதோ மூன்றாவதோ மொழி, உங்கள் இலக்கணத்தை எடைபோட அங்கே யாருக்கும் பொழுதில்லை.

பேக்எண்ட் அனுபவத்தையும் மட்டமாக நினைக்காதீர்கள். செயினிலிருந்து ஈவண்ட்களைப் படித்து டேட்டாபேஸில் சேர்த்து வைக்கும்போது, ரீஆர்க் வந்து கடைசி சில பிளாக்குகள் மாறிப்போனால் எழுதியதைத் திரும்ப அழிக்க வேண்டும். இதை ஒழுங்காகச் செய்யத் தெரிந்தவர்கள், கான்ட்ராக்ட் எழுதத் தெரிந்தவர்களைவிடக் குறைவு என்பது என் அபிப்பிராயம்.

கூச்சம் அதிகமென்றால் மாநாட்டை ஒட்டி ஹேக்கத்தான் இருக்கிறதா பாருங்கள். பேச்சு வராதவர்களுக்கு அது வரப்பிரசாதம், சேர்ந்து வேலை செய்யும்போது அறிமுகம் தானாக நடந்துவிடும். கிரிப்டோகிட்டீஸ் என்ற பூனை விளையாட்டு 2017-இல் ஈத்வாட்டர்லூ ஹேக்கத்தானில்தான் முதலில் தலைகாட்டியது, அந்த டிசம்பரில் எத்தீரியத்தையே திணறடித்தது. பரிசுக்காக ஏழு ஸ்பான்சர்களின் லைப்ரரியையும் ஒரே புராஜெக்ட்டில் திணிக்கிறவர்களோடு மட்டும் சேராதீர்கள், திங்கட்கிழமை அதை யாரும் திறந்துகூடப் பார்க்க மாட்டார்கள்.

ஒரு எச்சரிக்கை, இதில் நான் கறார். வழக்கமாகப் பயன்படுத்தும் கிரிப்டோ வாலட்டைக் கொண்டுபோக வேண்டாம், புதிதாக ஒன்று, அதில் செலவுக்கான சில்லறை. எவ்வளவு வைத்திருக்கிறீர்கள் என்று யாரிடமும் சொல்லாதீர்கள். கண்ட க்யூஆர் கோடையும் ஸ்கேன் செய்து வாலட்டில் கையெழுத்துப் போடாதீர்கள். அப்புறம், வேலை தருவதாகச் சொல்லி ஒருவர் டெலிகிராமில் ஒரு ரெப்போ (நிரல் தொகுப்பு) அனுப்பி "இதை ஓட்டிப் பார்த்துச் சொல்லுங்கள், இதுதான் தேர்வு" என்றால், உங்கள் லேப்டாப்பில் அதை நிறுவ நேரடியாக என்பிஎம் இன்ஸ்டால் அடித்துவிடாதீர்கள். வேலை தேடும் டெவலப்பர்களைக் குறிவைத்து இப்படித் திருட்டு மென்பொருள் ஏற்றுவது நடந்துகொண்டேதான் இருக்கிறது. முதலில் நிரலைப் படியுங்கள், ஓட்டியே ஆகவேண்டுமென்றால் தனி விர்ச்சுவல் மெஷினில் ஓட்டுங்கள்.

இரண்டாவது நண்பருக்கு வருகிறேன். போய் நின்றால் வேலை கிடைக்காது. திரும்பி வந்த வாரத்தில் என்ன செய்கிறீர்கள் என்பதில் கொஞ்சம் இருக்கிறது. யாரிடமாவது "இதைப் பார்த்துச் சொல்கிறேன்" என்று சொல்லியிருப்பீர்கள், பெரும்பாலானோர் அதை மறந்துவிடுவார்கள். நீங்கள் அந்தப் பிழை அறிக்கையையோ, ஆவணத்தில் தவறாக இருந்த நாலு வரிக்கான திருத்தத்தை முன்வைக்கும் புல் ரிக்வெஸ்ட்டையோ உடனே அனுப்பிவிடுங்கள். பெயர் மறந்திருந்தாலும் "வியூ ஃபங்ஷன் பற்றிக் கேட்டவர்" என்று ஞாபகம் வரும். எத்தீரியத்தின் முக்கிய டெவலப்பர்கள் ஆன்லைனில் கூடிப் பேசும் கூட்டங்கள் பொதுவில்தான் ஒளிபரப்பாகின்றன. கிளம்பும் முன் அவற்றில் ஒன்றிரண்டைக் கேட்டுவிட்டுப் போனால் அங்கே யார் எதற்காகக் குரலை உயர்த்துகிறார்கள் என்று ஓரளவு பிடிபடும்.

நிகழ்ச்சி நிரல் கைக்கு வந்ததும் எனக்கும் அனுப்புங்கள். எந்த உரையைத் தைரியமாகத் தவறவிடலாம் என்று சேர்ந்தே பார்த்துவிடுவோம்.