மாற்றுத்திறனாளிப் பெண்களை வைத்துக் கைவினைத் தொழில் ஒன்றைத் தொடங்க நினைக்கிறேன். எதில் ஆரம்பிப்பது?

'பெண்களை வைத்து' என்று கேட்டிருக்கிறீர்கள். அப்படி வைக்கப்பட்ட பெண்களில் நானும் ஒருத்தி என்பதால் இந்தப் பதில்.

முதுகுத்தண்டில் அடிபட்டதில் எனக்கு இடுப்புக்குக் கீழே உணர்வு கிடையாது. சக்கர நாற்காலிதான். உங்களைப் போலவே நல்ல மனதோடு தொடங்கிய ஒரு நிறுவனத்துக்கு ஐந்து வருடம் குரோஷே பொம்மைகள், அதாவது கொக்கி ஊசியால் நூலில் பின்னும் பொம்மைகள், செய்து கொடுத்தேன். பெயர் சொல்லப் போவதில்லை. ஊசி பிடிக்கக் கற்றுக்கொடுத்ததே அவர்கள்தான், அந்த நன்றி இருக்கிறது. ஆகவே 'நன்றி கெட்டவள்' என்று யாரும் கீழே வந்து எழுத வேண்டாம்.

எந்தப் பொருள் செய்யலாம், ஆன்லைனில் எப்படி விற்கலாம், லோகோ எப்படி இருக்க வேண்டும் என்றெல்லாம் யோசித்துக்கொண்டிருப்பீர்கள். அதெல்லாம் தானாக வரும். முதலில் நீங்களே ஒரு பொம்மை பின்னிப் பாருங்கள். நடுவில் 6 கண்ணி (நூல் வளையம்), அடுத்த சுற்றில் 12, அதற்கடுத்து 18. ஒன்று தப்பினாலும் தலை கோணிக்கொள்ளும், பிரிக்க வேண்டியதுதான். கண்ணிகளுக்கு நடுவே பஞ்சு எட்டிப் பார்க்கக் கூடாது. மூன்று வயதுக்குட்பட்ட குழந்தைக்கு என்றால் கண்ணுக்கு மணி வைக்கக் கூடாது, பிடுங்கி விழுங்கிவிடும். நூலாலேயே தைக்க வேண்டும். கை பழகிய எனக்கே உள்ளங்கை அளவு யானை ஒன்றுக்கு 6 மணி நேரம் பிடிக்கும்.

மூன்றாவது வருடம் ஒரு பெரிய ஆர்டர் வந்தது. 300 யானை, 4 வாரம். நாங்கள் 8 பேர். எல்லோரும் கைதட்டினோம். ஆளுக்கு 225 மணி நேரம், ஞாயிறு போக நாளைக்கு ஒன்பது மணி நேரத்துக்கு மேல் என்ற கணக்கை அன்று யாரும் போட்டுப் பார்க்கவில்லை. நானும்தான்.

என்னைப் போன்றவர்கள் கால் மணிக்கோ அரை மணிக்கோ ஒரு முறை கையை ஊன்றி உடம்பைத் தூக்கி இறக்க வேண்டும். இல்லாவிட்டால் உட்காரும் இடத்தில் ரத்த ஓட்டம் தடைபட்டுப் புண் வரும். வந்தாலும் வலி தெரியாது. கூலியோ பொம்மைக்கு இவ்வளவு என்று. தூக்கி இறக்கினால் கண்ணி எண்ணிக்கை விட்டுப்போகும். இந்தச் சுற்று முடியட்டும், இந்தச் சுற்று முடியட்டும் என்றே நாட்கள் போயின. பதினேழாவது நாள் உடை மாற்றும்போது அம்மா பார்த்தார். கட்டைவிரல் நகம் அளவுக்குச் சிவப்பு. விரலால் அழுத்தினால் வெளுக்கவில்லை, புண் தொடங்கிவிட்டது என்று அர்த்தம். "இன்னும் கொஞ்ச நாள்தானே" என்று நான்தான் அவர் வாயை அடைத்தேன்.

யானைகள் சொன்ன தேதிக்குப் போய்ச் சேர்ந்தன. 'மன உறுதிக்கு உடல் ஒரு தடையல்ல' என்று என் படத்தோடு ஒரு பதிவும் போட்டார்கள். அது வெளிவந்தபோது நான் குப்புறப் படுத்திருந்தேன். மொத்தம் நாலு மாதம் அப்படித்தான்.

தொழில் என்றால் கெடு இருக்கத்தானே செய்யும், இவர்களுக்கு மட்டும் சலுகையா என்று ஒருவர் நிச்சயம் கேட்பார். சலுகை இல்லை ஐயா. ஐ.நா. 2006இல் ஏற்ற மாற்றுத்திறனாளிகள் உரிமை உடன்படிக்கையில் 27ஆவது பிரிவு வேலையைப் பற்றியது. பாதுகாப்பான பணிச்சூழல், அவரவர் தேவைக்கேற்ற ஏற்பாடு இரண்டும் அதில் உரிமையாகவே இருக்கின்றன.

ஆகவே ஆர்டருக்குத் தலையாட்டும் முன் பின்னுகிறவர்களைக் கேளுங்கள். ஒருத்தி நாளைக்கு நாலு மணி நேரம்தான் முடியும் என்றால் நாலுதான், அதை வைத்துத் தேதி சொல்லுங்கள். வாங்குபவரிடம் பேசும்போது எங்களில் ஒருத்தியும் கூட உட்காரட்டும். முன்பணம் கேட்கக் கூச்சப்படாதீர்கள். கைவினைப் பொருட்களுக்கு, கேட்டால் குறைந்தது 50 சதவீதம் வட்டியில்லாமல் முன்பணம் தர வேண்டும் என்பது, பொருள் செய்பவர்களுக்கு நியாயம் கிடைக்கப் பாடுபடும் உலக நியாய வணிக அமைப்பின் (WFTO) கொள்கையிலேயே உண்டு. நூலுக்கான காசு எங்கள் கையிலிருந்து போகக் கூடாது.

திரும்பிப் போனதும் நான் கேட்டு வாங்கியது ஒரு சமையலறை டைமர். இருபது நிமிடத்துக்கு ஒரு முறை அடிக்கும். எங்களில் ஒருத்திக்குக் காது கேட்காது. நான் எழும்பி இறங்குவதைப் பார்த்துவிட்டு அவளும் ஊசியை வைத்துவிட்டுக் கழுத்தைத் திருப்பிக்கொள்வாள்.

அப்புறம், கேள்விக்குச் சம்பந்தமில்லாத ஒன்று. "சும்மாதானே உட்கார்ந்திருக்கே, பிள்ளைக்கு ஒரு யானை போட்டுக் குடேன், நூல் நான் வாங்கித் தர்றேன்" என்று கேட்கும் சொந்தக்காரர்களை என்ன செய்வது? என் சித்தி மகள் கேட்டாள். அவள் வீட்டுக்காரர் சாஃப்ட்வேர் வேலையில் இருக்கிறார். "கரண்ட் பில் நான் கட்டறேன், ஒரு ஆப் பண்ணிக் குடுங்க" என்று அவரிடம் யாராவது கேட்பார்களா? இதை அப்படியே அவளிடம் சொல்லிவிட்டேன். இப்போது அவள் பேசுவதில்லை. யானையும் கேட்பதில்லை.